வாடகை வேறு, வருமானம் வேறு: முதல் வாடகை வீட்டுக்கு முன் ஓர் அரிச்சுவடி

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "பேசாம ஒரு வீட்டை வாங்கிப் போடு. வாடகை வரும், அந்த வாடகையே லோனைக் கட்டிடும், இருபது வருஷத்துல வீடு உனக்குச் சும்மா" என்று ஒருவராவது சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இதற்கு நேரெதிராகப் பேசும் கூட்டமும் உண்டு. "வாடகையில என்ன பெரிசா வந்துடப் போகுது? பாங்க்ல போட்டு வச்சாலே அதைவிடக் கூட வரும்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பேரும் செய்யும் தவறுதான் ஒன்று. வாடகை வீட்டில் பணம் பல வழிகளில் வந்து பல வழிகளில் போகிறது. அத்தனையையும் ஒரே பணமாக உருட்டிப் பேசுகிறார்கள். அந்த உருண்டையைப் பிரித்துப் போடுவதுதான் இங்கே வேலை. வரி விதிகள், குடியிருப்புச் சட்டங்கள் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், அவற்றுக்குள் நான் போகவில்லை. கூட்டல் கழித்தல் எல்லா ஊருக்கும் பொது.

## முதலில் ஒரு வாடகைக் கார்

ஒருவர் கார் ஒன்றை வாங்கி, ஓட்டுநர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். மாதக் கடைசியில் வரும் வசூலை அப்படியே லாபம் என்று அவர் சொல்வாரா? மாட்டார். எரிபொருள், ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, டயர், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்கள், ஐந்து வருடம் கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது வரைக்கும் விரல்நுனியில் வைத்திருப்பார்.

அதே மனிதர் வீடு வாங்கினால் இந்தப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை. வாடகை பத்தாயிரம் என்றால் வருமானம் பத்தாயிரம் என்று எழுதிக்கொள்கிறார். எனக்குத் தோன்றும் காரணம் இது: காரின் செலவு தினமும் வந்து நிற்கும். வீட்டின் செலவு அப்படி இல்லை. மொட்டைமாடி ஒழுக்கு எட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வரும்போது எட்டு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்கும். நடுவில் இருக்கும் ஏழு வருடமும் செலவே இல்லை என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

காருக்கும் வீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருப்பதும் உண்மைதான். கார் தேய்ந்துகொண்டே போகும். வீடு? இங்கே நிதானிக்க வேண்டும், ஏனென்றால் வீடு என்று நாம் சொல்வது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று மனை, இன்னொன்று கட்டடம். கட்டடம் காரைப் போலத்தான், மெதுவாகத் தேயும். அமெரிக்க வருமான வரிச் சட்டம் வாடகைக்கு விட்ட குடியிருப்புக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள விடுகிறது; ஜப்பானில் மர வீட்டுக்கு அந்தக் கணக்கு 22 ஆண்டுகள். மனைக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே "வீட்டு விலை ஏறியது" என்று சொல்லும்போது பெரும்பாலும் ஏறியது அடியில் இருக்கும் மண்ணின் விலைதான். பதினைந்து மாடி அடுக்ககத்தில் ஒரு ஃபிளாட் வாங்குபவருக்கு அந்த மண்ணில் கிடைப்பது ஒரு சிறு துண்டு. தனி வீட்டின் விலை ஏறிய கதையைக் கேட்டுவிட்டு ஃபிளாட் வாங்குகிறவர்கள் இதை ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்தது: வசூல் லாபம் ஆகாது, வீட்டுச் செலவு தாமதமாக வரும், மொத்தமாக வரும், மனையும் கட்டடமும் எதிரெதிர்த் திசையில் நகரும்.

## நூறில் எவ்வளவு நிற்கும்?

ஒரு வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். மாத வாடகை 0.5, வருடத்துக்கு 6. வாடகையை விலையால் வகுத்து வரும் இந்த 6 சதவீதத்துக்கு மொத்த ஈட்டு விகிதம் என்று பெயர். விளம்பரத்தில் வருவதும் புரோக்கர் சொல்வதும் இந்த எண்தான். பொய்யில்லை, ஆனால் நம் கைக்கு வராத எண்.

இனிக் கழித்துக்கொண்டே வருவோம். நான் போடும் எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு உங்கள் எண்ணைப் போட வேண்டும்.

ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்த குடித்தனம் வரும்வரை வீடு சும்மா கிடக்கும். அதைக் காலி மாதம் என்போம். சராசரியாக வருடத்துக்கு ஒரு மாதம் என்று வைத்தால் 0.5 போயிற்று. மிச்சம் 5.5. பழுதுபார்ப்பு, பெயின்ட், குழாய், வயரிங் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு வீட்டு விலையில் ஒரு சதவீதம் ஒதுக்கச் சொல்லும் வாய்வழி விதி ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. புது வீட்டுக்கு இது அதிகம், பழைய வீட்டுக்குப் போதாது. ஆனாலும் தொடங்க நல்ல எண். மிச்சம் 4.5. சொத்து வரி, காப்பீடு, அடுக்ககமாக இருந்தால் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புப் பணம், சேர்த்து 0.7. மிச்சம் 3.8. ஆள் பிடித்துக் கொடுக்கும் புரோக்கருக்கும், நீங்கள் வெளியூரில் இருந்தால் பார்த்துக்கொள்பவருக்கும் 0.4. மிச்சம் 3.4.

இனிக் கீழே இருக்கும் எண்ணையும் திருத்த வேண்டும். வீட்டை நீங்கள் வாங்கியது நூறுக்கு அல்ல. பத்திரப் பதிவு, வக்கீல், புரோக்கர், குடிவைப்பதற்கு முன் செய்த வேலைகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 8 போட்டிருக்கிறீர்கள். 3.4ஐ 108 ஆல் வகுத்தால் 3.1 சதவீதம் வருகிறது. இதுதான் நிகர ஈட்டு விகிதம்: எல்லாச் செலவும் போக, போட்ட மொத்தப் பணத்துக்குக் கையில் நிற்பது. வருமான வரி இன்னும் கழிக்கவில்லை, அதை நினைவில் வையுங்கள்.

ஆறு என்று கேள்விப்பட்டது மூன்றாகிவிட்டது. இந்தச் செலவுகளில் எதுவும் அதிசயமானது இல்லை. ஒவ்வொன்றும் சின்னதாக இருப்பதால் ஒவ்வொன்றையும் "அது என்ன பெரிய காசு" என்று தள்ளிவிடுகிறோம், அவ்வளவுதான்.

காலி மாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வீடு விடுபவர் அதிகம் இழப்பது அதில்தான். இருக்கிற குடித்தனக்காரர் ஒழுங்காக வாடகை தருகிறார். நீங்கள் ஐந்து சதவீதம் கூட்டிக் கேட்கிறீர்கள், அவர் காலி செய்கிறார். புது ஆள் அந்த ஐந்து சதவீதத்தைத் தரத் தயார், ஆனால் அவர் வந்து சேர ஒரு மாதம் ஆகிறது. இழந்தது ஒரு முழு மாத வாடகை. கிடைத்தது மாதத்துக்கு அந்த வாடகையில் இருபதில் ஒரு பங்கு. போனதை மீட்கவே இருபது மாதம் வேண்டும், நடுவில் அடித்த பெயின்ட் செலவு தனி. நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். அந்த வீடு இரண்டரை மாதம் பூட்டிக் கிடந்தது. பழைய குடித்தனக்காரர் இரண்டு தெரு தள்ளிக் குடிபோயிருந்தார், அவ்வப்போது எதிரில் வருவார். நல்ல குடித்தனக்காரருக்குச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக விடுவதைத் தயவு தாட்சண்யம் என்று நினைக்க வேண்டாம். கணக்கே அதைத்தான் சொல்கிறது.

## மாதத் தவணைக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் வீடு வாங்குகிறார்கள். மாதாமாதம் ஒரே தொகையாகக் கட்டும் தவணைக்குள் இரண்டு பங்கு ஒளிந்திருக்கிறது. ஒன்று வட்டி, அது போனது போனதுதான். இன்னொன்று அசல், அது கடனைக் குறைப்பதால் உங்கள் சொத்தாகத் திரும்பி வரும். இரண்டும் சரிபாதி என்று பலர் நினைக்கிறார்கள்.

நம் வீட்டுக்கே வருவோம். விலை 100இல் 70 கடன், வட்டி 8 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 0.586, வருடத்துக்கு 7.03. முதல் வருடம் முழுக்கக் கட்டி முடித்ததும் கடன் எவ்வளவு குறைந்திருக்கும்? 1.48 மட்டும். மீதி ஐந்தரை வட்டிக்குப் போனது. பத்து ஆண்டுகள் கட்டிய பிறகும், அதாவது பாதிக் காலம் முடிந்த பிறகும், கடன் 48 நிற்கும். காரணம் எளிது. வட்டி என்பது மிச்சமிருக்கும் கடனுக்கு. ஆரம்பத்தில் கடன் பெரிது, வட்டி பெரிது, தவணையில் அசலுக்கு இடமில்லை. போகப்போகத்தான் இது தலைகீழாகும். வங்கி ஏமாற்றுகிறது என்று சிலர் கோபப்படுவார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

இப்போது அந்தப் பழைய வாக்கியத்துக்குத் திரும்புவோம். "வாடகையே லோனைக் கட்டிடும்." கையில் நிற்பது வருடத்துக்கு 3.4. கட்ட வேண்டியது 7.03. வருடத்துக்கு 3.6 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. வாடகை பாதித் தவணையைக் கட்டுகிறது, மீதிப் பாதியை நீங்கள் கட்டுகிறீர்கள். இப்படி மாதாமாதம் உள்ளே வரும் பணத்துக்கும் வெளியே போகும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணப்புழக்கம் என்பார்கள். அது கழித்தல் குறியில் இருக்கிறது என்பதாலேயே வீடு மோசமான முதலீடு ஆகிவிடாது. ஆனால் சும்மா கிடைக்கும் வீடும் ஆகாது.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மாறும் வட்டியில் 8 என்பது 10 ஆனால், அதே கடனின் தவணை 0.586இலிருந்து 0.676க்குப் போகும். பதினைந்து சதவீத உயர்வு. வாடகை அந்த வேகத்தில் ஏறாது. சில இடங்களில் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுவார்கள். வலி தெரியாது, ஆனால் அசல் அசையாது.

சுருக்கமாக: தவணையின் முதல் பாதிக் காலம் பெரும்பாலும் வட்டிக்கே. நிகர வாடகையைத்தான் தவணையோடு ஒப்பிட வேண்டும், மொத்த வாடகையை அல்ல.

## நெம்புகோல் இரண்டு பக்கமும் தூக்கும்

கடன் வாங்கிச் சொத்து வாங்குவதை நெம்புகோலுக்கு ஒப்பிடுவார்கள். சின்னப் பலத்தில் பெரிய கல்லைத் தூக்குவது. வீட்டு விலை 10 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள், 100 இப்போது 110. கடன் 70 அப்படியே இருக்கிறது. உங்கள் கைப்பணம் 30 இருந்த இடத்தில் இப்போது 40. வீடு 10 சதவீதம்தான் ஏறியது, உங்கள் பணம் 33 சதவீதம் ஏறிவிட்டது. கடன் வாங்கி வீடு வாங்கிப் பணக்காரர் ஆனவர்களின் கதைகளுக்குள் இருக்கும் இயந்திரம் இதுதான்.

அதே கோல் கீழேயும் இறங்கும். விலை 10 சதவீதம் இறங்கினால் உங்கள் 30இல் பத்து காலி. 30 சதவீதம் இறங்கினால் உங்கள் பணம் பூஜ்யம், கடன் மட்டும் முழுசாக நிற்கும். அந்தக் கதைகளைச் சொல்ல யாரும் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இது வரைக்கும் பலரும் எழுதுவார்கள். இதற்கு அடுத்த படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். கடன் எதையும் உண்டாக்காது, இருப்பதைப் பெரிதாக்கும். அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, கடன் இல்லாமல் இந்த வீடு தருவது வட்டியைவிட அதிகமா, குறைவா என்பது. நம் வீடு வாடகையில் தருவது விலையில் 3.4 சதவீதம். வட்டி 8 சதவீதம். கடன் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் வருடத்துக்கு 4.6 சதவீதம் நஷ்டத்தில் ஓடுகிறது. வீட்டு விலை ஆண்டுதோறும் 4.6 சதவீதத்துக்கு மேல் ஏறினால் மட்டுமே இந்தக் கடன் உங்களுக்கு உதவுகிறது. அதற்குக் கீழே இருந்தால் நெம்புகோல் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. வாடகைக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் நீங்கள் விலை ஏற்றத்தின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறீர்கள்.

வட்டி 3 சதவீதமும் நிகர வாடகை 5 சதவீதமும் இருக்கும் நாட்டில் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். அதனால்தான் வேறு நாட்டுக்காரர் போடும் வீடியோவைப் பார்த்து "அவர் இருபது வீடு வாங்கிவிட்டாரே" என்று கிளம்பக் கூடாது. அவருடைய வட்டியும் உங்களுடைய வட்டியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

## "விலை ஏறத்தானே செய்யும்?"

பந்தயம் என்று தெரிந்துவிட்டது. ஜெயிக்கும் வாய்ப்பு எப்படி?

"தாத்தா வாங்கின மனை நாற்பது வருஷத்துல பதினாறு மடங்கு ஆயிடுச்சு" என்பது போன்ற கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். பதினாறு மடங்கு என்றால் நான்கு முறை இரட்டிப்பு. நாற்பது வருடத்தில் நான்கு முறை என்றால் பத்து வருடத்துக்கு ஒருமுறை. இங்கே ஒரு பழைய சூத்திரம் உதவும்: 72ஐ இரட்டிப்பாக ஆன ஆண்டுகளால் வகுத்தால், கூட்டு வட்டியில் ஆண்டு வளர்ச்சி ஏறக்குறைய வந்துவிடும். 72 வகுத்தல் 10, ஆக 7.2 சதவீதம். பதினாறு மடங்கு என்று கேட்டபோது திறந்த வாய், 7.2 என்றதும் மூடிக்கொள்கிறது. அதே நாற்பது வருடத்தில் சாமான்களின் விலையும் ஏறியிருக்கும். அந்தப் பணவீக்கத்தைக் கழித்து நிற்பதை உண்மை வளர்ச்சி என்பார்கள். தாத்தாவின் மனையில் அது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மிக நீண்ட காலத்துக்கு இதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஹெரன்கிராக்ட் என்னும் கால்வாய்க்கரையில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பணக்கார வீடுகள் நிற்கின்றன. ஒரே வரிசை, ஒரே தரம், விற்பனைப் பதிவுகளும் தொடர்ச்சியாக இருக்கின்றன. பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற டச்சுப் பொருளியலாளர் 1628 முதல் 1973 வரை அந்த வீடுகளின் விலையைத் தொகுத்தார். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், 345 ஆண்டுகளில் அவை ஏறியது சுமார் இரண்டு மடங்கு. நகரின் ஆகச் சிறந்த இடங்களில் ஒன்றில், ஆண்டுக்கு அரைச் சதவீதம்கூட இல்லை. நடுநடுவே பெரிய ஏற்றமும் உண்டு, தலைமுறைக் கணக்கில் நீண்ட இறக்கமும் உண்டு.

இறக்கத்துக்கு அவ்வளவு பின்னால் போக வேண்டியதும் இல்லை. ஜப்பானில் 1980களின் இறுதியில் மனை விலை வானத்துக்குப் போனது. 1991க்குப் பிறகு சரியத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சரிந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவில் வீட்டு விலை 2006 உச்சத்திலிருந்து 2012 வரை கால் பங்குக்கு மேல் விழுந்தது. மேலே சொன்ன 70 சதவீதக் கடனை 90 என்று மாற்றி, இந்த எண்ணை அதில் வைத்துப் பாருங்கள். 2008 நெருக்கடி அவ்வளவு பேரை வீட்டைவிட்டு வெளியேற்றியதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் ஒரு தலைப்பட்சமாகிவிடுவேன். 16 முன்னேறிய நாடுகளின் 1870 முதல் 2015 வரையிலான தரவுகளைத் திரட்டி ஐந்து பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நீண்ட கால நோக்கில் வீடுகள் தந்த மொத்த ஆதாயம் பங்குச் சந்தைக்கு ஈடாக இருந்தது என்று கண்டது. பலருக்கும் ஆச்சரியம். ஆனால் உற்றுப் பார்த்தால், அந்த ஆதாயத்தில் பெரிய பங்கு விலை ஏற்றத்தால் வந்ததல்ல, வாடகையால் வந்தது. அதாவது "வாடகையில் என்ன வரப்போகிறது" என்ற கூட்டத்துக்கும் இது பதில்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு மூவர் இன்னொரு வேலை செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் நான்கு பழைய கல்லூரிகள் வைத்திருந்த சொத்துகளின் கணக்குப் புத்தகங்களை எடுத்து, 1901 முதல் 1983 வரை ஒவ்வொரு சொத்திலும் உண்மையில் வந்த வாடகையையும் போன செலவையும் பார்த்தார்கள். செலவும் பணவீக்கமும் போகக் குடியிருப்புச் சொத்துகள் தந்தது ஆண்டுக்குச் சுமார் 2.3 சதவீதம். முந்தைய ஆய்வு காட்டியதைவிட மிகக் குறைவு. இரண்டில் எது சரி என்று அறிஞர்கள் பேசட்டும். எனக்கு இதில் பிடித்தது, நாட்டின் சராசரிக் குறியீட்டுக்கும் ஒரு வீட்டுக்காரரின் நோட்டுப் புத்தகத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பது. நீங்கள் வாங்கப்போவது சராசரியை அல்ல, ஒரு வீட்டை.

## மூன்று பைகள்

இனி உருண்டையைப் பிரித்துவிடலாம். வாடகை வீட்டிலிருந்து பணம் மூன்று பைகளில் வருகிறது. முதல் பை, செலவு போக நிற்கும் வாடகை. இரண்டாவது, அடைந்துகொண்டே வரும் அசல். கண்ணுக்குத் தெரியாது, கடன் பாக்கியில்தான் தெரியும். மூன்றாவது, விலை மாற்றம். விற்கும் நாள் வரை இது காகிதம்தான்.

மூன்றையும் சேர்த்து நம் வீட்டைப் பத்து ஆண்டு வைத்திருந்து விற்பதாகக் கணக்குப் போடுவோம். வாடகையும் செலவும் மாறவில்லை என்று எளிமையாக்கிக்கொள்கிறேன். கையிலிருந்து போட்டது தொடக்கத்தில் 38, பிறகு வருடத்துக்கு 3.6 வீதம் 36, மொத்தம் 74. விலை அப்படியே 100இல் நின்றால், விற்கும் செலவு இரண்டு சதவீதமும் மீதிக் கடன் 48உம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 50. போட்டது 74, வந்தது 50. விலை இரட்டிப்பாகி 200 ஆனால், அதே கணக்கில் 148 வரும், போட்டதைப் போல இரண்டு மடங்கு. அப்போது வாடகையும் ஏறியிருக்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் நல்லதாகவே முடியும்.

ஒரே வீடு, ஒரே கடன், ஒரே குடித்தனக்காரர். 50க்கும் 148க்கும் நடுவில் இருப்பதெல்லாம் மூன்றாவது பை. அதன் மேல்தான் நமக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. முதல் பை மட்டும்தான் வாங்கும் நாளிலேயே ஓரளவு தெரியும், நம் உழைப்பால் கூட்டவும் முடியும். அதனால் தொடக்கக்காரர் முதல் பையைப் பார்த்து வாங்குவதே நல்லது என்பது என் கட்சி. மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் நஷ்டத்தைத் தாங்கும் வேறு வருமானம் இருக்கும்.

## குளியலறையை மட்டும் விற்க முடியாது

அவசரத்துக்குப் பங்குகளில் பாதியை விற்கலாம், வைப்பு நிதியை உடைக்கலாம். வீட்டில் ஒரு குளியலறையை மட்டும் விற்க முடியாது. ஒரு சொத்தை விலை குறைக்காமல் எவ்வளவு சீக்கிரம் பணமாக்கலாம் என்பதை நீர்மை என்பார்கள். வீட்டுக்கு அது மிகக் குறைவு. விற்கவே மாதங்கள் ஆகும், அவசரம் என்று தெரிந்தால் வாங்குகிறவர் விலையை அடிப்பார். ஒரே தெரு, ஒரே கட்டடம், ஒரே குடித்தனக்காரரிடம் எல்லாப் பணமும் முடங்கியிருப்பது இன்னொரு சிக்கல்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் பதிலாகத்தான் ரீட் என்ற ஏற்பாடு வந்தது. பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் பெரிய கட்டடங்களை வாங்கி, அந்த வருமானத்தின் பெரும்பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிறுவனம். அமெரிக்காவில் 1960இல் சட்டம் போட்டு இதைத் தொடங்கினார்கள், பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. வாடகை வருமானம் வேண்டும், நள்ளிரவில் குழாய் உடைந்ததென்று வரும் போன் வேண்டாம் என்பவர்கள் இதைப் பார்க்கலாம். விலை சந்தையோடு சேர்ந்து ஆடும், நீங்களே வீட்டைச் சீர்செய்து மதிப்பைக் கூட்ட முடியாது. அது வேறு கட்டுரை.

## எங்கே தொடங்குவது?

விலையிலிருந்து தொடங்காதீர்கள், வாடகையிலிருந்து தொடங்குங்கள். வாங்க நினைக்கும் பகுதியில், வீடு தேடும் குடித்தனக்காரரைப் போல ஒரு மாதம் அலையுங்கள். கேட்கும் வாடகை வேறு, படியும் வாடகை வேறு. ஒரே வீட்டின் வாசலில் "வாடகைக்கு" பலகை எத்தனை வாரமாகத் தொங்குகிறது என்று கவனியுங்கள். காலி மாதத்துக்கு அதைவிட நேர்மையான தகவல் கிடைக்காது. ஏற்கனவே அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவரிடம் தண்ணீர், லிஃப்ட், பக்கத்து வீட்டுச் சத்தம் பற்றிக் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பத்திரத்தைப் பார்க்க உங்கள் வக்கீலை வையுங்கள். விற்பவரோ கட்டுமானக்காரரோ ஏற்பாடு செய்து கொடுத்த வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் உங்கள் வக்கீல் அல்ல. இதில் மிச்சம் பிடிக்கும் காசு உலகத்திலேயே விலை உயர்ந்த மிச்சம்.

குறைந்தது ஆறு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் கையெழுத்திடுங்கள். பிறகு மூன்று கெட்ட விஷயங்களை ஒரே வருடத்தில் நடத்திப் பாருங்கள், தாளில்தான்: மூன்று மாதம் வீடு காலி, வட்டி இரண்டு சதவீதம் ஏற்றம், ஒரு பெரிய ரிப்பேர். அப்படியும் உங்கள் சம்பளத்தால் தாங்க முடிகிறதா? முடியவில்லை என்றால் வீடு மோசம் என்று அர்த்தமில்லை, கடன் அதிகம் என்று அர்த்தம்.

கடைசியாக, விலையைத் தலைகீழாகக் கணக்கிடுங்கள். விற்பவர் சொன்ன எண்ணை மறந்துவிட்டு, உங்களுக்கு எத்தனை சதவீத நிகர ஈட்டு விகிதம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். 4.5 என்று வையுங்கள். நம் வீட்டின் நிகர வாடகை 3.4. அதை 4.5 சதவீதத்தால் வகுத்தால் 75 சொச்சம். பதிவும் மற்ற வாங்கும் செலவும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 70. விற்பவர் கேட்டது 100. நீங்கள் 70 என்றதும் அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், அடுத்த வீட்டைப் பார்க்கப் போங்கள்.